வளரும் நாய் நொண்டினால்: அறிகுறியிலிருந்து காரணத்தைத் தேடும் வழிமுறை

ஒரு வயது நிரம்பாத நாய் காலையில் எழுந்து ஒரு காலை ஊன்றத் தயங்கினால், நம் வீடுகளில் உடனே வரும் சொல் ‘சுளுக்கு’ என்பதுதான். எண்ணெயைச் சூடாக்கித் தடவுவார்கள், காலை உருவிவிடுவார்கள், இரண்டு நாளில் சரியாகிவிடும் என்பார்கள். வளர்ந்த நாய்க்கு அந்த எண்ணம் ஓரளவு பொருந்தலாம். வளரும் நாய்க்குப் பொருந்தாது. குட்டியின் நீண்ட எலும்புகளின் முனைகளில், எலும்பு நீள்வதற்கு இடமாக ஒரு குருத்தெலும்புப் பட்டை இருக்கிறது. வளர்ச்சித் தட்டு எனப்படும் அது, மூட்டுகளைப் பிணைத்திருக்கும் நார்களைவிட வலுக் குறைந்தது. ஆகவே, வளர்ந்த நாயின் நாரை இழுத்துச் சுளுக்கோடு விட்டுவிடும் அதே விசை, குட்டியின் எலும்பு முனையையே பிளந்துவிடக்கூடும். பெரும்பாலான நாய்களுக்கு இத்தட்டுகள் ஏறத்தாழ ஓராண்டுக்குள் மூடிக்கொள்கின்றன. கிரேட் டேன் போன்ற மிகப் பெரிய இனங்களுக்கு ஒன்றரை ஆண்டு வரை ஆகலாம். அதுவரை ‘சுளுக்கு’ என்பதை, மற்ற எல்லாக் காரணங்களையும் தள்ளிய பிறகு கடைசியாக ஏற்க வேண்டிய முடிவாகவே கருத வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கீழே உள்ளவை அறிகுறிகளின் வரிசையில் எழுதப்பட்டுள்ளன. உங்கள் நாயிடம் தெரிவது எதுவோ அந்தப் பகுதிக்குச் செல்லலாம். ஆனால் முதல் மூன்று பகுதிகளை எல்லோரும் படித்துவிட வேண்டும்.

காத்திருக்கக் கூடாத நிலைகள்

கால் தளர்ந்து தொங்கி ஆடினாலோ, இயல்புக்கு மாறான கோணத்தில் திரும்பியிருந்தாலோ, எலும்பு தோலைக் கிழித்து வெளியே தெரிந்தாலோ, வேறெதையும் சோதிக்காமல் அன்றே மருத்துவரிடம் செல்ல வேண்டும். வண்டி மோதிய நாயும் மாடியிலிருந்து விழுந்த நாயும் இரண்டடி நடந்து காட்டினாலும் இதே வகைதான். மார்புக்குள்ளும் வயிற்றுக்குள்ளும் ஏற்பட்ட காயம் வெளியே தெரியாது. வீட்டில் மூங்கில் பத்தை வைத்துக் கட்டுவது வேண்டாம். வளரும் காலில் இறுக்கிய கட்டு ரத்த ஓட்டத்தைத் தடுத்து, முறிவைவிடப் பெரிய கேட்டை உண்டாக்கிவிடும். ஒரு பலகையிலோ, நான்கு முனையும் பிடித்த தடித்த போர்வையிலோ கிடத்தித் தூக்கிச் செல்லலாம். வலியில் இருக்கும் நாய் தன்னை வளர்த்தவரையும் கடிக்கும் என்பதால், மூச்சுத் திணறலோ வாந்தியோ இல்லாதபோது மட்டும் வாயை ஒரு துணிப்பட்டையால் தளர்வாகக் கட்டிக்கொள்ளலாம்.

இன்னொரு நிலை இதைவிட முக்கியமானது. வெறிநாய்த் தடுப்பூசி போடாத குட்டியோ, தெருவிலிருந்து அண்மையில் எடுத்து வந்த குட்டியோ, அடிபட்ட அடையாளம் எதுவுமின்றிப் பின்னங்கால் தளர்ந்து தள்ளாடி, எச்சில் வழிய, குரைப்பின் குரல் மாறி, விழுங்க முடியாமல் திணறினால், தொண்டையில் எலும்பு சிக்கியிருக்கிறது என்று எண்ணி வாய்க்குள் கைவிடக் கூடாது. அது ரேபிஸ் எனும் வெறிநோயின், உடலை முடக்கும் வாத வடிவமாக இருக்கலாம். நாயை ஓர் அறையில் தனியே அடைத்துவிட்டு, கால்நடை மருத்துவருக்குச் சொல்ல வேண்டும். உங்கள் உடலில் அதன் எச்சில் பட்ட புண்ணையோ கீறலையோ ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிய பின், அன்றே அரசு மருத்துவமனைக்குச் சென்று தடுப்பூசியைத் தொடங்க வேண்டும்.

எந்தக் கால் என்று முதலில் உறுதி செய்தல்

இது எளிது போலத் தோன்றும். ஆனால் பலர் நல்ல காலையே நோயுற்ற கால் என்று மருத்துவரிடம் காட்டிவிடுகிறார்கள். நாயை வாரில் பிடித்து, வழுக்காத சமதளத்தில் மெல்லோட்டமாக ஓடவிட்டு, முன்னிருந்தும் பின்னிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் இன்னொருவரைப் படம்பிடிக்கச் சொல்ல வேண்டும். கைபேசியில் வேகத்தைக் குறைத்துப் பார்த்தால், கண்ணுக்குத் தப்பியது தெரியும். முன்னங்காலில் நோவு என்றால், அந்தக் கால் தரையில் படும் கணத்தில் தலை மேலே எழும்பும். நல்ல கால் படும்போது தலை தாழும். பின்னங்காலில் நோவு என்றால், அந்தக் கால் படும்போது அந்தப் பக்கத்து இடுப்பு மேலே தூக்கும். இந்தக் காணொளியை அழிக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவமனை மேசையில் ஏற்றிய உடனே அச்சத்தில் நொண்டலை மறைத்துவிடும் நாய்கள் மிகப் பல.

அதன் பிறகு வெப்பநிலையைப் பார்க்க வேண்டும். மூக்கு காய்ந்திருப்பதையோ காது சுடுவதையோ வைத்துக் காய்ச்சலை முடிவு செய்ய முடியாது. டிஜிட்டல் வெப்பமானியின் முனையில் சிறிது தேங்காய் எண்ணெய் தடவி ஆசனவாயில் வைத்துப் பார்த்தால், 100.5 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இயல்பு. நாய் ஓடியாடி வந்த உடனே பார்க்காமல், அமைதியாகப் படுத்திருக்கும்போது பார்த்து 103க்கு மேல் இருந்தால், காரணம் காலில் மட்டும் இல்லை என்று பொருள்.

பாதத்தை நக்கிக்கொண்டே இருக்கிறது

நொண்டும் நாய் எதுவாயினும் பாதத்தைப் பார்த்த பிறகே மேலே செல்ல வேண்டும். நல்ல வெளிச்சத்தில் நாயைப் பக்கவாட்டில் படுக்கவைத்து, முதலில் நோவில்லாத காலைத் தொட்டுப் பழக்கி, பிறகு நோவுள்ள காலுக்கு வர வேண்டும். ஒவ்வொரு விரலிடுக்கையும் விரித்து, மெத்தைப் பகுதிகளை ஒவ்வொன்றாக அழுத்தி, ஒவ்வொரு நகத்தையும் மெல்ல அசைத்துப் பார்க்க வேண்டும். சீமைக்கருவேல முள் உள்ளே முறிந்திருந்தால் மேலே காயம் தெரியாது. மெத்தையின் கருந்தோலில் மிளகில் பாதியளவு ஒரு புள்ளியும், அதைச் சுற்றி நக்கி நக்கி எச்சிலால் செம்பழுப்பேறிய முடியும்தான் தெரியும். அந்தப் புள்ளியை விரல் நுனியால் அழுத்தியதும் நாய் காலை வெடுக்கென்று இழுத்துக்கொள்ளும். முள்ளின் முனை வெளியே தெரிந்தால் சுத்தமான இடுக்கியால் நுழைந்த திசையிலேயே நேராக இழுத்துவிடலாம். தெரியாவிட்டால் ஊசியால் தோண்டக் கூடாது. சிப்பிப்பாறை, கன்னி போன்ற நாய்களை வளர்ப்பவர்கள் முள்காட்டில் ஓடவிட்டுப் பெற்ற பழக்கத்தில் தாங்களே தோண்டி எடுப்பதைப் பார்த்திருக்கிறேன், சில நாள் கழித்து அதே இடம் சீழ் கட்டி வருவதையும் பார்த்திருக்கிறேன்.

முன்னங்காலின் உட்புறத்தில் தரையைத் தொடாமல் தனியே நிற்கும் நகத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அது தேயாமல் வளர்ந்து வளைந்து சதைக்குள் குத்தியிருக்கலாம், அல்லது வேரோடு பிளந்திருக்கலாம். மெத்தைகள் பளபளப்பாக, தோல் உரிந்து இருந்தால், நண்பகல் தார்ச்சாலையில் நடத்தியதன் விளைவு. உங்கள் புறங்கையைச் சாலையில் ஐந்து நொடி வைக்க முடியாத நேரத்தில் நாயை நடத்தக் கூடாது.

காலை ஊன்றவே இல்லை, திடீரென்று தொடங்கியது

பாதம் நன்றாக இருந்து, விளையாட்டின் நடுவிலோ குதித்த உடனோ தொடங்கியிருந்தால் முறிவையே முதலில் எண்ண வேண்டும். பொமரேனியன் போன்ற சிறிய இனக் குட்டிகள் கையிலிருந்தோ சோபாவிலிருந்தோ குதித்து, முன்னங்காலின் இரண்டு எலும்புகளையும் மணிக்கட்டுக்கு மேலே முறித்துக்கொள்வது மிகச் சாதாரணம். அந்த இடத்தில் சதை மிகக் குறைவு, ரத்த ஓட்டமும் குறைவு. ஆதலால் வெறும் மாவுக்கட்டு போட்டால் கூடாமல் போவது உண்டு, அறுவையும் தகடும் தேவைப்படலாம்.

வளர்ச்சித் தட்டில் ஏற்படும் முறிவு இதைவிட ஏமாற்றக்கூடியது. வீக்கம் சிறிதாக இருக்கும். நான்கைந்து நாளில் குட்டி காலை ஊன்றவும் தொடங்கிவிடும். குறிப்பாக முன்னங்காலின் அல்னா எலும்பின் கீழ்முனையில் உள்ள தட்டு கூம்பு வடிவில் இருப்பதால், ஒரு நசுக்கலிலேயே அதன் வளர்ச்சி நின்றுவிடக்கூடும். அருகிலுள்ள ரேடியஸ் எலும்பு தொடர்ந்து நீளும், அல்னா நீளாது. சில வாரங்களில் கால் வில்போல் வளைந்து பாதம் வெளிப்பக்கம் திரும்பிவிடும். முதல் எக்ஸ்ரேயில் இது தெரியாமலும் போகலாம். அடிபட்ட குட்டிக்கு இரண்டு மூன்று வாரம் கழித்து இன்னொரு எக்ஸ்ரே எடுக்கச் சொல்லிக் கேட்பது வீண் செலவன்று. தட்டின் முறிவைச் சேர்த்துப் பொருத்த வேண்டுமெனில் முதல் சில நாள்களுக்குள்ளேயே செய்ய வேண்டும், ஏனெனில் குட்டியின் எலும்பு அவ்வளவு விரைவாகக் கூடிக்கொள்ளும். எண்ணெய் தடவிக் கழித்த ஒரு வாரத்தைத் திரும்பப் பெற முடியாது என்று நான் வலியுறுத்துவது இதனால்தான்.

இந்த வாரம் ஒரு கால், அடுத்த வாரம் வேறொரு கால்

எங்கள் வீட்டு லாப்ரடார் ஏழாம் மாதத்தில் வலது முன்னங்காலை நொண்டியது. உருவிவிட்டோம், சரியானது போல் இருந்தது. பத்து நாள் கழித்து இடது பின்னங்கால். நடிக்கிறது என்று வீட்டில் ஒருவர் சொன்னார். முதலில் பார்த்த மருத்துவரும் சுளுக்கு என்றே ஊசி போட்டார். இரண்டாமவர் மூட்டுகளை மடக்கி நீட்டிப் பார்த்தபோது நாய் அமைதியாக இருந்தது. மேற்கை எலும்பின் நடுப்பகுதியை இரண்டு விரலால் அழுத்தியபோது மட்டும் முனகித் தலையைத் திருப்பி அவர் கையை வாயால் பிடித்தது. நோவு மூட்டில் இல்லை, எலும்பின் தண்டில் இருந்தது.

இதற்குப் பான்ஆஸ்டைட்டிஸ் என்று பெயர். பெரிய இனங்களில், ஏறத்தாழ 5 மாதம் முதல் 18 மாதம் வரை, பெண்ணைவிட ஆணுக்கு அதிகமாக வரும். ஜெர்மன் ஷெப்பர்டுகளிடம் மிகுதி. நொண்டல் கால்விட்டுக் கால் மாறுவதே இதன் முத்திரை. ஒவ்வொரு முறையும் இரண்டு மூன்று வாரம் நீடித்து, சில மாதங்கள் விட்டுவிட்டு வந்து, வளர்ச்சி முடியும்போது தானாகவே நின்றுவிடும். நிலையான பாதிப்பு எதையும் விட்டுச் செல்வதில்லை. எக்ஸ்ரேயில் எலும்பின் உட்குழியில் வெண்மையான திட்டுகள் தெரியும், ஆனால் முதல் சில நாள்களில் தெரியாமலும் இருக்கலாம்.

ஆனால் நம் நாட்டில் கால் மாறும் நொண்டலுக்கு இதைப் போலவே பொதுவான இன்னொரு காரணம் உண்டு, அது தானாகப் போகாது. பழுப்பு நாயுண்ணி பரப்பும் எர்லிக்கியா காய்ச்சல் பல மூட்டுகளில் அழற்சியை உண்டாக்கும். நாய் விறைத்து, முட்டையின் மேல் நடப்பது போல அடி எடுத்து வைக்கும். காய்ச்சல், உணவில் வெறுப்பு, வெளிறிய ஈறு, வயிற்றுத் தோலில் குண்டூசித் தலையளவு சிவப்புப் புள்ளிகள், மூக்கில் ரத்தம் ஆகியவற்றுள் எது தெரிந்தாலும் அன்றே ரத்தப் பரிசோதனை செய்து, ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்களின் எண்ணிக்கையைப் பார்க்க வேண்டும். உண்ணிகளைத் தேடும்போது காதின் உட்புறத்தையும் விரலிடுக்குகளையும் விடக் கூடாது. உண்ணி கிடைக்கவில்லை என்பதால் நோய் இல்லை என்றும் ஆகாது. இதற்குப் பெரும்பாலும் டாக்ஸிசைக்ளின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்தை நான்கு வாரம் கொடுப்பார்கள். மூன்றாம் நாளே நாய் துள்ளி ஓடும். அதைப் பார்த்து மருந்தை நிறுத்துவதுதான் நோய் உள்ளே தங்கிவிட வழி செய்கிறது.

மூன்றாவது ஒன்றும் உண்டு. 2 முதல் 7 மாதத்துக்குள், வேகமாக வளரும் பெரிய இனக் குட்டிக்கு, இரண்டு முன்னங்கால்களிலும் மணிக்கட்டுக்குச் சற்று மேலே சூடான வீக்கமும் கடுங்காய்ச்சலும் சேர்ந்து வந்து, எழுந்து நிற்கவே மறுத்தால், அது வளர்ச்சித் தட்டை ஒட்டிய எலும்பின் அழற்சி. உணவும் நீரும் இறங்காமல் குட்டி விரைவில் சோர்ந்துவிடும் என்பதால், மருத்துவமனையில் சேர்க்க நேரலாம்.

படுத்து எழுந்ததும் விறைப்பு, ஓடி விளையாடிய மாலையில் அதிகம்

4 முதல் 10 மாதத்துக்குள் தொடங்கி, ஒரே முன்னங்காலில் நீங்காமல் நிற்கும் நொண்டல் பெரும்பாலும் முழங்கை மூட்டிலோ தோளிலோ இருக்கும். லாப்ரடார், ராட்வைலர், ஜெர்மன் ஷெப்பர்ட் ஆகியவற்றில் முழங்கை மூட்டின் எலும்புகள் சரியாகப் பொருந்தாமல் வளர்ந்து, உள்ளே சிறு சில்லு பெயர்ந்துவிடுவது உண்டு. நாய் உட்காரும்போது அந்தக் காலை வெளிப்பக்கம் திருப்பி வைத்துக்கொள்ளும். முழங்கையை முழுவதும் மடக்கினால் நோகும். தோளில் குருத்தெலும்பு பெயர்ந்திருந்தால் காலை முன்னோக்கி நீட்டும்போது நோகும். இரண்டு பக்கமும் பாதிக்கப்பட்டிருந்தால் நொண்டலே தெரியாது, அடி மட்டும் குறுகும். ‘இது சோம்பேறி நாய்’ என்று சொல்லப்படும் குட்டிகளுள் சில இவை. இதை ஓய்வு மட்டும் தீர்க்காது. மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் இரண்டு பக்கத்துக்கும் எக்ஸ்ரே எடுத்து ஒப்பிட வேண்டும்.

முயல் போல இரண்டு பின்னங்கால்களையும் சேர்த்துத் தாவுகிறது

படியேறத் தயங்குதல், எழுவதற்கு முன்னங்கால்களால் உடலை இழுத்தல், ஓடும்போது பின்னங்கால்கள் இரண்டும் ஒன்றாகத் தாவுதல் ஆகியவை இடுப்பு மூட்டுக் குறைபாட்டின் அறிகுறிகள். தொடை எலும்பின் தலை அதன் குழியில் தளர்வாக அமர்வதே காரணம். இது பரம்பரையாக வருவது. ஆனால் எவ்வளவு முற்றும் என்பதை நாம் போடும் உணவு பெரிதும் தீர்மானிக்கிறது. 48 லாப்ரடார்களை இணை இணையாகப் பிரித்து, ஒவ்வோர் இணையிலும் ஒன்றுக்கு மற்றதைவிட 25 சதவீதம் குறைவாக உணவளித்து வாழ்நாள் முழுவதும் கவனித்த ஆய்வு 2002இல் வெளியானது. குறைவாக உண்டவற்றுக்கு மூட்டுத் தேய்வு மிகத் தாமதமாக வந்தது. அவற்றின் இடைநிலை வாழ்நாளும் 11.2 ஆண்டுக்குப் பதில் 13 ஆண்டாக இருந்தது. கொழுகொழுவென்ற லாப்ரடார் குட்டியைப் பார்த்து மகிழ்பவர்கள் இந்த எண்களை நினைவில் வைக்க வேண்டுகிறேன். விலா எலும்புகள் கைக்குத் தட்டுப்பட வேண்டும், மேலிருந்து பார்த்தால் இடை தெரிய வேண்டும்.

ஐயம் இருந்தால், குட்டிக்கு நான்கு மாதம் ஆனதுமே மயக்கம் கொடுத்து எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க முடியும். 20 வாரத்துக்குள் கண்டறிந்தால் மட்டும் பயன்தரும் ஓர் எளிய அறுவையும் உண்டு என்பதால் ‘வளர்ந்தால் சரியாகும்’ என்று காலம் கடத்துவது நல்லதன்று. பைக்கின் பின்னால் கட்டி ஓடவிடும் பழக்கத்தை வளரும் எந்த நாய்க்கும் அறவே விட்டுவிட வேண்டும்.

மூன்று அடி நொண்டி, பிறகு ஒன்றுமே நடக்காதது போல் ஓடுகிறது

சிறிய இனங்களில் இதைக் கண்டால் முழங்கால் சில்லு நழுவுவதாகவே கொள்ளலாம். சில்லு தன் பள்ளத்திலிருந்து உட்பக்கம் விலகும்போது கால் மடங்கி நிற்கும். நாய் காலை ஓர் உதறு உதறியதும் திரும்பப் பொருந்தும். நான்கு நிலைகளாக இதைப் பிரிப்பார்கள். முதல் நிலைக்கு எடையைக் கட்டுக்குள் வைப்பதே போதும், மேல் நிலைகளுக்கு அறுவை வேண்டும். இதே இனங்களில், 4 முதல் 11 மாதத்துக்குள், ஒரே பின்னங்காலின் நொண்டல் வாரந்தோறும் கூடிக்கொண்டே போய், தொடைச் சதை மெலிந்தால், தொடை எலும்பின் தலைக்கு ரத்தம் செல்லாமல் அது சிதைந்து வருகிறது என்று பொருள். சிதைந்த தலையை வெட்டி நீக்கும் அறுவைக்குப் பிறகு சிறிய நாய்கள் வியக்கத்தக்க அளவு நன்றாக நடக்கின்றன.

கால் வளைகிறது, மணிக்கட்டு தரையைத் தொடுகிறது

இரண்டு மூன்று மாதக் குட்டியின் மணிக்கட்டு பின்னோக்கிச் சரிந்து, பாதம் தட்டையாகிக் கரடி போல நடந்தால், வலியும் காய்ச்சலும் இல்லாத நிலையில், முதலில் தரையைப் பாருங்கள். டைல்ஸும் கிரானைட்டும் போட்ட அறையிலேயே அடைபட்டு வளரும் குட்டிக்கு, விரல்களால் பற்றிக்கொள்ளத் தரையில் எதுவுமில்லை. மண் தரையில் உலவவிட்டு, வீட்டுக்குள் கோணிச் சாக்கோ தேங்காய்நார் விரிப்போ போட்டு, உணவைச் சரிசெய்தால் பெரும்பாலான குட்டிகள் சில வாரங்களில் நிமிர்ந்துவிடுகின்றன.

உணவுதான் இங்கே கூர்ந்து பார்க்க வேண்டியது. சோறும் வெறும் கோழிச்சதையும், அல்லது பால்சோறு மட்டும் தின்று வளரும் குட்டிகளை இன்றும் நிறையக் காண்கிறோம். சதையில் கால்சியத்தைவிடப் பாஸ்பரஸ் பல மடங்கு அதிகம். குட்டிக்கு வேண்டியதோ பாஸ்பரஸைவிடச் சற்று மிகுதியான கால்சியம், ஏறத்தாழ 1.2க்கு 1 என்ற விகிதத்தில். குறையும் கால்சியத்தை உடல் தன் எலும்பிலிருந்தே உறிஞ்சி எடுக்கிறது. எலும்பு காகிதம் போல மெலிந்து, ஒரு சிறு குதிப்பில் பச்சைக் குச்சி போல மடிகிறது. வெயிலில் கட்டிப்போட்டால் வைட்டமின் டி கிடைத்துவிடும் என்பதும் நாய்க்குப் பொருந்தாது. அதன் தோல் போதிய அளவு தயாரிப்பதில்லை, உணவிலிருந்துதான் பெற வேண்டும்.

இதன் மறுபக்கமும் உண்டு. குட்டிகளுக்கான நல்ல தீவனத்தை உண்ணும் பெரிய இனக் குட்டிக்குக் கடையில் சொன்னார்கள் என்று கால்சியம் டானிக்கும் சேர்த்துக் கொடுப்பது எலும்பைக் கெடுக்கும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டியின் குடலுக்கு மிகையான கால்சியத்தைத் தடுத்து நிறுத்தத் தெரியாது. கொடுத்ததில் பெரும்பகுதியை உறிஞ்சிக்கொள்ளும்.

வலியில்லை, ஆனால் பாதம் மடங்கி இழுபடுகிறது

பாதத்தின் மேற்புறம் தரையில் உரசி, நகங்கள் முன்பக்கம் தேய்ந்திருந்தால், நரம்பைச் சந்தேகிக்க வேண்டும். தொடையில் ஊசி போட்ட மறுநாள் லேசாக நொண்டுவது இயல்பு, இரண்டு நாளில் போய்விடும். பாதம் மடங்கினால் ஊசி நரம்பருகே பட்டிருக்கலாம் என்பதால் அந்த மருத்துவரிடமே உடனே காட்ட வேண்டும். தசைகள் தாளமிட்டது போலத் துடித்தால், குறிப்பாகச் சளியும் வயிற்றுப்போக்கும் முன்பே வந்திருந்தால், நரம்பையும் தாக்கும் டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோயை விலக்கிய பிறகே காலைப் பற்றி யோசிக்க வேண்டும்.

மருத்துவரைப் பார்க்கும் வரை

பாராசிட்டமால், ஐபுப்ரூஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வீட்டு அலமாரி மாத்திரைகளில் எதையும் கொடுக்கக் கூடாது. முதலாவது கல்லீரலையும், மற்ற இரண்டும் இரைப்பையையும் சிறுநீரகத்தையும் அழிக்கும். நாய்களுக்கென உள்ள வலிமருந்துகளையும் எடை பார்த்து மருத்துவர் சொன்ன பிறகே கொடுக்க வேண்டும். இவற்றின் நஞ்சைத் தவிர இன்னொரு தீங்கும் உண்டு: வலி மறைந்த குட்டி, பிளந்த எலும்போடு குதித்து விளையாடும்.

லேசான நொண்டல், காய்ச்சல் இல்லை, நன்றாகச் சாப்பிடுகிறது, பாதத்திலும் ஒன்றுமில்லை என்றால் 48 மணி நேரம் ஓய்வு கொடுத்துப் பார்க்கலாம். ஓய்வு என்பது வீட்டுக்குள் அவிழ்த்துவிடுவதன்று. சிறிய அறையிலோ கூண்டிலோ வைத்து, சிறுநீர் கழிக்க மட்டும் குட்டையான வாரில் அழைத்துச் செல்வது. அதற்குள் குறையாவிட்டாலும், குறைந்து மீண்டும் வந்தாலும் எக்ஸ்ரே வசதியுள்ள இடத்துக்குச் செல்ல வேண்டும். 1903இல் தொடங்கிய சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியும் நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி கல்லூரிகளும் தம் மருத்துவமனைகளில் வளர்ப்பு நாய்களைப் பார்க்கின்றன. செல்லும்போது அந்தக் காணொளியோடு, குட்டியின் வயதையும் எடையையும், நொண்டல் தொடங்கிய நாளையும், எந்தெந்தக் காலில் எத்தனை நாள் என்பதையும், தினமும் என்ன உணவு எவ்வளவு என்பதையும், இதுவரை கொடுத்த ஊசி, மாத்திரை, டானிக் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். காலி அட்டைகளையும் பாட்டிலையும்கூட.